இன்னோவாவில் மணாலி போகலாமா? பனிச்சாலையும் நம் ஊர் டயரும்

வாசகர் கேள்வி:

"ஐயா, நான் தேவகோட்டையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. வருகிற டிசம்பர் கடைசி வாரத்தில் குடும்பத்தோடு காரிலேயே காசிக்குப் போய், நகரத்தார் சத்திரத்தில் இரண்டு நாள் தங்கிவிட்டு, அங்கிருந்து டெல்லி வழியாக மணாலி சென்று பனி பார்த்து வரலாம் என்று என் மகன் ஏற்பாடு செய்கிறான். என் மாமியாருக்கு 80 வயது, பேரப்பிள்ளைகள் இருவர், எல்லாருமாக ஏழு பேர். வீட்டில் 2017-ல் வாங்கிய டீசல் இன்னோவா கிரிஸ்டாவும் ஒரு ஸ்விஃப்டும் இருக்கின்றன. 'சின்ன வண்டி பனிக்கு ஆகாது, இன்னோவா கனமான வண்டி, எங்கும் ஏறும்' என்கிறான் மகன். பதினைந்து வருடமாக வண்டி ஓட்டுகிறான். கொடைக்கானல், மூணாறு எல்லாம் பலமுறை போய் வந்தவன். மழையில் ஓட்டுவது போலத்தானே பனியிலும் என்கிறான். எனக்கு மனம் ஒப்பவில்லை. டயருக்குச் சங்கிலி வாங்கினால் போதுமா? இல்லை, பயணமே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?"

பதில்:

ஆச்சி அவர்களுக்கு வணக்கம்.

பயணத்தை நிறுத்தச் சொல்ல வேண்டாம். காசி தரிசனத்தையும், பிள்ளைகள் முதன்முதலாகப் பனியைக் கையில் அள்ளுகிற மகிழ்ச்சியையும் எதற்காக இழக்க வேண்டும்? இன்னோவாவிலேயே கிளம்புங்கள், காசி, டெல்லி, சண்டிகர், குலு வரை அது உங்களை அலுப்பில்லாமல் கொண்டுபோய்ச் சேர்க்கும். சாலை காய்ந்திருந்தால் மணாலி ஊருக்குள்ளும் போகலாம். ஆனால் சாலையின் மேல் பனி கிடக்கிற இடம் வந்ததும் உங்கள் வண்டியை நிறுத்திவிட்டு, அந்த ஊர்க்காரர் ஓட்டுகிற, நான்கு சக்கரங்களும் இழுக்கிற வாடகை வண்டியில் ஏறிக்கொள்ளுங்கள். இதுதான் என் பதில். காரணத்தைத் தங்கள் மகனுக்கும் சேர்த்தே விரிவாக எழுதுகிறேன். அம்மா பயப்படுகிறார்கள் என்பதற்காக மட்டும் அவர் ஒப்புக்கொண்டால், மேலே போகிற வழியில் முன்னால் நான்கு கார்கள் ஏறுவதைப் பார்த்ததும் மனம் மாறிவிடும்.

காரைக்குடியில் பணிமனை வைப்பதற்கு முன் நான் ராணுவத்தின் இ.எம்.இ. பிரிவில் வண்டி பழுதுபார்ப்பவனாக இருந்தேன். நான்கு குளிர்காலங்கள் லடாக்கின் லே நகரில் கழிந்தன. அங்கே எனக்கு முதலில் கற்றுத் தந்த பாடம் எஞ்சினைப் பற்றியது அல்ல, டயரைப் பற்றியது. ஒரு காரின் எடை முழுவதும் நான்கு உள்ளங்கை அளவு ரப்பரின் மேல்தான் சாலையில் நிற்கிறது. வண்டி நகர்வதும் திரும்புவதும் நிற்பதும் அந்த நான்கு உள்ளங்கைகள் சாலையைப் பிடிக்கிற பிடிப்பினால்தான். நம் ஊரில் விற்கிற டயர்களின் ரப்பர், ஏப்ரல் மே மாத வெயிலில் கொதிக்கிற தார்ச்சாலைக்கு ஈடுகொடுக்கும்படி செய்யப்பட்டது. வெப்பநிலை சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கத் தொடங்கியதும் அந்த ரப்பர் இறுகி, கட்டைபோல் ஆகிவிடுகிறது. கட்டையான ரப்பர் சாலையின் நுண்ணிய மேடு பள்ளங்களுக்குள் அமுங்காது. அமுங்காவிட்டால் பிடிப்பு இல்லை. டயர் புதியதாக இருந்தாலும், பட்டன் (டயரின் மேல் புடைத்திருக்கிற ரப்பர்க் கட்டங்கள்) தேயாமல் ஆழமாக இருந்தாலும் இதில் மாற்றமில்லை. குளிர் நாடுகளில் குளிர்காலத்துக்கென்றே வேறு டயர் மாட்டுகிறார்கள். அதன் ரப்பர் கடுங்குளிரிலும் நெகிழ்ந்திருக்கும், பட்டன்கள் ஒவ்வொன்றிலும் கத்தியால் கீறியதுபோல் மெல்லிய வெட்டுகள் நெருக்கமாக ஓடும். அந்த வெட்டுகளின் விளிம்புகள்தான் பனியைக் கவ்விப் பிடிப்பவை. நம் பக்கத்து டயர் கடைகளில் இவை கிடைப்பதில்லை.

பிடிப்பு குறைந்தால் என்ன ஆகும் என்பதை எண்ணில் சொல்கிறேன். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டியில் பிரேக்கை முழுவதுமாக அழுத்தினால், காய்ந்த தார்ச்சாலையில் ஏறத்தாழ 9 மீட்டரில் நின்றுவிடும். இறுகிப்போன வெண்பனியில் அதே வேகத்துக்குச் சுமார் 30 மீட்டர் வேண்டும். வழவழப்பான பனிக்கட்டியின் மேல் 60 மீட்டரைத் தாண்டும். கண் பார்த்து கால் பிரேக்குக்குப் போகிற நேரத்தில் ஓடுகிற தூரம் இதில் சேரவில்லை. 60 மீட்டர் என்பது கிட்டத்தட்ட 200 அடி. ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடக்கிற நம் செட்டிநாட்டு வீடுகளில் ஒன்றை எண்ணிப் பாருங்கள்: முகப்பில் பிரேக்கை அழுத்திய வண்டி, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாம் கடந்து பின்வாசலில் போய்த்தான் நிற்கும். இத்தனைக்கும் அது சமதளக் கணக்கு. இறக்கமான மலைச்சாலையில் நிற்காமலே போய்விடவும் கூடும்.

மழையில் ஓட்டுவது போலத்தானே என்று தங்கள் மகன் கேட்பது நியாயமான கேள்விதான். மலைப்பாதையில் மழைக்குப் பழகிய பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். மழைச்சாலையில் தண்ணீருக்கு அடியில் தார் இருக்கிறது. டயரின் பள்ளங்கள் தண்ணீரை வெளியே ஒதுக்கிவிட்டால் ரப்பர் தாரைத் தொட்டுவிடும். பிடிப்பு குறையுமே தவிர அற்றுப்போகாது. பனிக்கட்டி மூடிய சாலையில் தொடுவதற்குத் தாரே இல்லை. முற்றத்தில் மழைநீர் தெறித்த ஆத்தங்குடிக் கல்லில் ஈரக்காலோடு நடக்கும்போது நாம் அடியைப் பார்த்துத்தான் வைக்கிறோம். அந்தக் கல்லின் மேல் எண்ணெயையும் தடவிவிட்டு, வீட்டையே சற்றுச் சரித்துவைத்தால் எப்படியோ, அப்படி இருக்கும் அந்தச் சாலை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பனிக்கட்டி மிகமிகக் குளிர்ந்திருக்கும்போது வழுக்குவதைவிட, உருகுநிலையை ஒட்டி இருக்கும்போதுதான் அதிகம் வழுக்கும். அப்போது அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் படர்ந்திருக்கிறது. மைனஸ் 20 டிகிரியில் லேயில் ஓட்டியதைவிட, பூஜ்யத்தை ஒட்டிய வெப்பநிலையில் மணாலிப் பக்கம் ஓட்டுவது சில நேரங்களில் மோசம் என்பதற்கு இதுவே காரணம். பகல் வெயிலில் சாலையோரப் பனி உருகி, தண்ணீராகச் சாலையின் குறுக்கே ஓடி, மாலையில் வெயில் மறைந்ததும் அப்படியே கண்ணாடியாக உறைந்துவிடும். இதைத்தான் பிளாக் ஐஸ் என்கிறார்கள். அதற்கு நிறமில்லை, அடியில் இருக்கிற தாரின் கறுப்புதான் தெரியும். பார்ப்பவருக்குச் சாலை சற்று நனைந்திருப்பது போலத்தான் இருக்கும்.

எனக்கு நேர்ந்ததையும் எழுதிவிடுகிறேன். லேயில் என் இரண்டாவது குளிர்காலத்தில், பழுது பார்த்து முடித்த ஒரு லாரியைச் சோதனைக்காக ஓட்டிச் சென்றேன். சங்கிலி பின்னால் பெட்டியில் இருந்தது; சிறிது தூரம்தானே என்று மாட்டவில்லை. மலையின் நிழல் விழுகிற ஒரு வளைவில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கிறவரின் வேகத்தில்தான் இறங்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று டயரின் சத்தம் நின்றுவிட்டது. தார்ச்சாலையில் ஓடும்போது கீழிருந்து வருகிற அந்தச் சரசரப்பு நமக்குக் கேட்டுக்கொண்டே இருப்பதால் அதை நாம் கவனிப்பதில்லை. அது அற்றுப்போனதும்தான் காது விழித்துக்கொண்டது. கையில் ஸ்டீயரிங் காற்றில் சுற்றுவது போல் லேசாகிவிட்டது. பிரேக்கை அழுத்தினேன், நான்கு சக்கரமும் நின்றுவிட்டன, லாரி மட்டும் நிற்கவில்லை. ஓசையே இல்லாமல், யாரோ மெதுவாக இழுத்துக்கொண்டு போவது போல் விளிம்பை நோக்கி வழுக்கிப் போய், சாலையோரக் கைப்பிடிச் சுவரில் பம்பர் உரசி நின்றது. சுவருக்கு அப்பால் பள்ளம். கீழே இறங்கிக் காலை ஊன்றியவன் நிற்க முடியாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு வேகம் காரணமல்ல, அனுபவக் குறைவும் காரணமல்ல. டயருக்கும் சாலைக்கும் நடுவே பிடிப்பு எதுவும் இல்லை, அவ்வளவுதான்.

இனி எந்த வண்டி என்ற கேள்வி. ஏழு பேர் என்பதால் ஸ்விஃப்ட் தானாகவே விலகிவிடுகிறது. ஆனாலும் 'கனமான வண்டி எங்கும் ஏறும்' என்பதைத் திருத்தியாக வேண்டும். இன்னோவா கிரிஸ்டா பின்சக்கர இழுவை வண்டி. எஞ்சின் முன்னால் இருக்க, வண்டியைத் தள்ளுகிற வேலையைப் பின்சக்கரங்கள் செய்கின்றன. பின்னால் ஆள் இல்லாதபோது அந்தச் சக்கரங்களின் மேல் எடை குறைவு; பனியில் அவை இருந்த இடத்திலேயே சுழலும். ஸ்விஃப்ட் போன்ற முன்சக்கர இழுவை வண்டியில் எஞ்சினின் எடை இழுக்கிற சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருப்பதால், சமதளத்தில் மெல்லிய பனியில் அது சற்று எளிதாகக் கிளம்பிவிடும். ஏழு பேரும் சாமான்களும் ஏறினால் இன்னோவாவும் கிளம்பிவிடும் என்பது உண்மைதான். ஆபத்து கிளம்புவதில் இல்லை, இறங்குவதில் இருக்கிறது. கொடைக்கானல் மலையில் இறங்கும்போது கியரைக் குறைத்து எஞ்சினின் பிடியில் இறங்குவது நல்ல பழக்கம். பனிக்கட்டியில் பின்சக்கர இழுவை வண்டியை முதல் கியரில் போட்டுச் சட்டென்று கிளட்ச்சை விட்டால், அந்தப் பிடி முழுவதும் பின்சக்கரங்களில் மட்டும் விழுந்து அவை வழுக்கத் தொடங்கும், வால் ஒரு பக்கமாக வீசும். தார்ச்சாலையில் பதினைந்து ஆண்டுகளாகக் கைகால் பழகிய அதே செயல் அங்கே எதிராகத் திரும்பிவிடுகிறது. வண்டியின் கனமும் உதவாது. நிற்க வேண்டிய எடைதான் கூடுகிறது.

நான்கு சக்கர இழுவை உள்ள வண்டி என்றால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. அது கிளம்புவதற்கும் ஏறுவதற்கும் பெரிதும் உதவும். நிறுத்துவதற்கு உதவாது. இழுப்பது இரண்டு சக்கரமானாலும் நான்கானாலும், பிரேக் எல்லா வண்டிகளிலும் நான்கு சக்கரத்திலும்தான் பிடிக்கிறது. எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதை முடிவு செய்வது ரப்பர். நான்கு சக்கர இழுவை வண்டியை வாங்கிய நண்பர்கள், ஏற்றத்தில் தடையில்லாமல் ஏறிவிட்ட துணிச்சலில் இறக்கத்தில் வேகமாக வருவதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே உள்ளூர் வாடகை வண்டியில் ஏறச் சொல்வதற்குக் காரணம் அந்த வண்டி மட்டுமல்ல. எந்த வளைவில் நிழல் விழும், எந்த ஓடை சாலையைக் கடந்து உறையும், எத்தனை மணிக்குத் திரும்பியாக வேண்டும் என்பதெல்லாம் அந்த ஓட்டுநருக்கு நம் வீட்டு வளவு போலத் தெரியும். வண்டியைப் பேசும்போதே சங்கிலி வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள், டயரைக் குனிந்து பாருங்கள். பட்டன் தேய்ந்து மொட்டையாக இருந்தால் வேறு வண்டி பாருங்கள். நம் நாட்டுச் சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் ஆழம் இருந்தால் டயர் செல்லும். பனிக்கு 4 மில்லிமீட்டராவது வேண்டும்.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற வீடுகள் நம் பக்கத்தில் நிறைய என்பதால் ஒரு சொல். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் இல்லாமல் காரை ஓட்டுவது சட்டப்படி குற்றம். ஜெர்மனியில் பனிக்காலச் சாலையில் ஓட்டும் வண்டியின் டயரில், மூன்று முகடுள்ள மலைக்குள் பனித்துகள் வரைந்த முத்திரை இருக்க வேண்டும் என்பது 2024 அக்டோபர் முதல் கட்டாயம். சேற்றுக்கும் பனிக்கும் ஏற்றது என்று குறிக்கிற 'எம் பிளஸ் எஸ்' என்ற எழுத்து மட்டும் இருந்தால் அங்கே ஏற்பதில்லை. புதிதாக அங்கே போய்ப் பழைய கார் வாங்குகிற பிள்ளைகளிடம், எஞ்சினையும் ஓடிய தூரத்தையும் விசாரிப்பதற்கு முன்னால் இந்த முத்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சங்கிலி விஷயத்துக்கு வருகிறேன். வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், எதிர்பாராமல் பனியில் மாட்டிக்கொண்டால் பத்திரமாகக் கீழே இறங்கி வர அது உதவும். அதை நம்பி மேலே ஏறுவதற்காக வேண்டாம். சங்கிலியை இழுவைச் சக்கரத்தில் மாட்ட வேண்டும். இன்னோவாவுக்குப் பின்சக்கரம், ஸ்விஃப்டாக இருந்தால் முன்சக்கரம். மாட்டிய பிறகு சிறிது தூரம் உருட்டிவிட்டு, இறங்கி மறுபடி இறுக்க வேண்டும். மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. பனி முடிந்து தார் தெரிந்ததும் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் சங்கிலியும் டயரும் சேர்ந்து பாழாகும், அறுந்த துண்டு பிரேக் குழாயை அடிக்கவும் கூடும். இவற்றையெல்லாம்விட முக்கியமானது, வீட்டு வாசலிலேயே இரண்டு மூன்று தடவை மாட்டிக் கழற்றிப் பழகுவது. கையுறை போட்டுக்கொண்டு, மாலை மங்கிய வெளிச்சத்தில் டார்ச் பிடித்துப் பழகச் சொல்லுங்கள். குளிரில் விரல் மரத்துப்போய், பனியில் முழங்காலிட்டு, பின்னால் நிற்கிற வண்டிகள் ஹாரன் அடிக்கும்போது முதன்முறையாக அட்டைப்பெட்டியைப் பிரித்தால் ஒன்றும் புரியாது.

கிளம்புவதற்கு முன் வண்டியில் பார்க்க வேண்டியவற்றுள் நான் மிகவும் அழுத்திச் சொல்வது ரேடியேட்டர் தண்ணீர். நம் பக்கத்தில் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கிற திரவம்) குறைந்தால் குழாய்த் தண்ணீரை ஊற்றி மூடிவிடுகிற பழக்கம் இருக்கிறது; உறைபனியே காணாத ஊரில் அதனால் துரு பிடிப்பதைத் தவிர உடனடிக் கேடு தெரிவதில்லை. தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கும். விடுதி வாசலில் ஓர் இரவு நிற்கிற வண்டியின் எஞ்சினுக்குள் வெறும் தண்ணீர் உறைந்தால் ரேடியேட்டர் மட்டுமல்ல, எஞ்சின் கட்டையே விரிசல் விட்டுவிடும். கூலன்டும் சுத்திகரித்த தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 35 டிகிரியை ஒட்டித்தான் உறையும். ஆகவே பழையதை முழுவதும் வடித்துவிட்டுப் புதிதாக நிரப்பச் சொல்லுங்கள். எந்தப் பணிமனையிலும் செய்வார்கள், செலவும் பெரிதல்ல. கண்ணாடி கழுவும் தொட்டியிலும் வெறும் தண்ணீர் வேண்டாம். வைப்பர் போட்டதும் அது கண்ணாடியிலேயே உறைந்து பார்வையை மறைக்கும். காலையில் கண்ணாடியில் படிந்த பனியை வெந்நீர் ஊற்றி நீக்குவது பெரிய தவறு, கண்ணாடி வெடித்துவிடும். பேட்டரி உறைநிலையிலேயே தன் திறனில் மூன்றில் ஒரு பங்கை இழக்கும் என்பதால், மூன்று வருடம் தாண்டியிருந்தால் சோதித்துவிடுங்கள். இரவில் ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தினால் அது உறைந்து ஒட்டிக்கொள்ளலாம். சமதளத்தில் நிறுத்தி, கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வைப்பது நல்லது. டீசல் குளிரில் மெழுகுபோல் கட்டிக்கொள்ளும் என்று பயமுறுத்துவார்கள். லடாக்கின் கடுங்குளிருக்கென்று மைனஸ் 33 டிகிரியிலும் உறையாத தனி டீசலை இந்தியன் ஆயில் 2019-ல் கொண்டுவந்தது உண்மைதான். மணாலி அளவுக்கு, வழியில் வடக்கே நிரப்பிக்கொண்டு போகிற டீசலே போதும்.

டயர் காற்றைப் பற்றி ஒரு நுணுக்கம். வெப்பநிலை 5, 6 டிகிரி இறங்கும்போதெல்லாம் காற்றழுத்தம் ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ குறையும். காரைக்குடியில் 33 டிகிரியில் பிடித்த காற்று, மணாலியில் மைனஸ் 3 டிகிரிக் காலைப்பொழுதில் 5 முதல் 6 பிஎஸ்ஐ குறைந்திருக்கும். அந்த ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,050 மீட்டர் உயரத்தில் இருப்பதால், வெளியே காற்று மெலிந்து, மானியில் 3 பிஎஸ்ஐ அளவுக்குத் திரும்பக் கூடிக் காட்டும். இந்தக் கணக்கெல்லாம் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். அங்கே போய் ஓர் இரவு நின்ற டயரில், காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்னால் பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள். பனிக்குப் பிடிப்புக் கிடைக்கும் என்று காற்றை இறக்கச் சொல்கிறவர் பேச்சைக் கேட்க வேண்டாம். மணலுக்கு அது சரி.

மணாலிக்கு மேலே போகிற சாலையைப் பற்றி. 2020 அக்டோபர் 3-ஆம் தேதி திறக்கப்பட்ட அடல் சுரங்கம், 9.02 கிலோமீட்டர் நீளத்தில், 3,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் இருக்கிறது. அதற்கு முன்பெல்லாம் குளிர்காலத்தில் 3,978 மீட்டர் உயரமுள்ள ரோதாங் கணவாயைப் பனியே மூடிவிடும். சமவெளிக் கார்கள் அப்பால் போவதற்கு வழியே இல்லை. இப்போது சுரங்கம் ஆண்டு முழுவதும் திறந்திருப்பதால், வெயில் ஊரிலிருந்து வந்த வண்டி ஒரு மணி நேரத்தில் உறைபனிக்குள் போய்விடுகிறது. வேலையை எளிதாக்கிய அதே வசதி ஆபத்தையும் அருகே கொண்டுவந்துவிட்டது என்பது என் கருத்து. 2024 டிசம்பர் கடைசி வாரத்தில் மணாலிக்கு மேலே உள்ள சோலாங்குக்கும் சுரங்கத்துக்கும் இடையே ஆயிரத்தை ஒட்டிய வண்டிகள் பனியில் சிக்கிக்கொண்டன. போலீசார் இறங்கி மக்களை மீட்டார்கள். நீங்கள் போகிற வாரமும் அதுவே. பனி விழுந்த நாட்களில் நான்கு சக்கர இழுவை வண்டிகளை மட்டும் மேலே விடுவது அங்கே வழக்கம்; தடுப்பில் நிற்கிற காவலரிடம் தென்னாட்டிலிருந்து வந்தோம் என்று சொல்லி இன்னோவாவுக்கு அனுமதி கேட்க வேண்டாம். வாடகை வண்டியில் போனாலும் காலையில் வெயில் ஏறிய பிறகு கிளம்பி, பிற்பகல் 3 மணிக்குள் திரும்பிவிடுங்கள்.

வண்டிக்குள் மாட்டிக்கொள்ள நேர்ந்தால் என்ன செய்வது என்பதை வீட்டில் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும், குறிப்பாக நீங்கள். 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் முரீ மலைவாசத்தலத்தில், பனிப்பொழிவில் சிக்கிய கார்களுக்குள்ளேயே 20-க்கும் மேற்பட்டோர் ஒரே இரவில் இறந்தார்கள். பனி பார்க்க வந்த குடும்பங்கள்தான். குளிருக்காகக் கண்ணாடியை ஏற்றிவிட்டு எஞ்சினை ஓடவிட்டு ஹீட்டர் போட்டிருக்கும்போது, சைலன்சர் வாயைப் பனி அடைத்துவிட்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளே புகும். அதற்கு வாசனை இல்லை. தூக்கம் வருவதுபோல்தான் இருக்கும். ஆகவே முதல் வேலை சைலன்சரைச் சுற்றியுள்ள பனியை அள்ளி எறிவது. ஒவ்வொரு மணி நேரத்திலும் பத்து நிமிடம் மட்டும் எஞ்சினை ஓட்டுங்கள். காற்று வராத பக்கத்துக் கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வையுங்கள். ஒருவர் மாற்றி ஒருவர் விழித்திருங்கள். வண்டியை விட்டு இரவில் நடந்து போக வேண்டாம். ஒரு சின்ன மண்வெட்டி, கையுறை, ஆளுக்கொரு கம்பளி, தண்ணீர், அப்பத்தாவின் மாத்திரை, பிள்ளைகளுக்கு முறுக்கும் சீப்புச் சீடையும் என்று கையெட்டும் இடத்தில் இருக்கட்டும். டிக்கியின் அடியில் அல்ல. இரண்டு கோணிச் சாக்கும் போட்டுவையுங்கள். சுழல்கிற சக்கரத்தின் முன்னால் விரித்தால் வண்டி ஏறி வந்துவிடும்.

எதிர்பாராத பனியில் ஓட்டியே ஆக வேண்டிய நிலை தங்கள் மகனுக்கு வந்தால்: இரண்டாவது கியரில், ஆக்சிலேட்டரை அழுத்தாமல் கிளட்ச்சை மெதுவாக விட்டுக் கிளப்பட்டும். முன்னால் போகிற வண்டிக்கும் தனக்கும் இடையே கொடைக்கானலில் விடுவதைப்போல் ஆறு ஏழு மடங்கு இடைவெளி விடட்டும். பிரேக், ஸ்டீயரிங், ஆக்சிலேட்டர் என எதையும் சட்டென்று செய்யக் கூடாது. ஒரே நேரத்தில் இரண்டையும் செய்யக் கூடாது. வளைவுக்கு முன்பே நேர்ச்சாலையில் வேகத்தைக் குறைத்துவிட்டு, பிறகுதான் திருப்ப வேண்டும். வால் வீசினால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, போக வேண்டிய திசையைப் பார்த்து ஸ்டீயரிங்கை அந்தப் பக்கமே திருப்பட்டும். பிரேக்கைத் தொட வேண்டாம். முன்சக்கரம் திரும்பியும் வண்டி நேராகவே போனால், இன்னும் திருப்பாமல் சற்றுத் தளர்த்த வேண்டும். ஏ.பி.எஸ். (பிரேக் போடும்போது சக்கரம் இறுகி நின்றுவிடாமல் காக்கிற அமைப்பு) உள்ள வண்டியில் நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் பிரேக்கை விட்டு விட்டு அடிக்காமல் முழுவதும் அழுத்திப் பிடித்திருக்கட்டும். பெடல் காலில் அதிரும், அது பழுதல்ல. அது தூரத்தைக் குறைத்துவிடும் என்று எண்ண வேண்டாம், திருப்புகிற சக்தியைக் காப்பாற்றித் தரும், அவ்வளவே.

இரண்டு செய்திகள் மீதமிருக்கின்றன. டிசம்பர் கடைசியில் காசிக்கும் டெல்லிக்கும் இடையே உள்ள சமவெளியில் விடியற்காலை மூடுபனி மிகக் கடுமையாக இறங்கும். பத்தடி தூரத்தில் நிற்கிற லாரி தெரியாது. அந்தப் பகுதியில் காலை 9 மணிக்கு முன் சாலையில் இறங்க வேண்டாம், இரவுப் பயணமும் வேண்டாம். மற்றொன்று அப்பத்தாவைப் பற்றியது. 3,000 மீட்டர் உயரம் என்பது 80 வயதில் மூச்சுக்கும் இதயத்துக்கும் சோதனை. கிளம்புவதற்கு முன் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். அவர் வேண்டாம் என்றால் அப்பத்தாவும் நீங்களும் மணாலியிலேயே வெயிலில் உட்கார்ந்திருக்கலாம். மலை முகட்டுப் பனி அங்கிருந்தே தெரியும்.

சங்கிலி வாங்குவதற்கு முன், டயரின் பக்கச்சுவரில் எழுதியிருக்கிற அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். கிரிஸ்டாவில் 205/65 ஆர் 16, 215/55 ஆர் 17 என்று இரண்டு அளவுகள் உண்டு. ஒன்றின் சங்கிலி மற்றொன்றுக்குப் பொருந்தாது. அந்த எண்ணையும், கடைசியாகக் கூலன்ட் மாற்றிய தேதியையும் மகனிடம் கேட்டு எனக்கு எழுதினால், என்ன வாங்குவது, எதை மாற்றுவது என்று குறித்து அனுப்புகிறேன்.